சுவரில் ஸ்விட்ச் இருக்கட்டும்

திருச்சியில் 34 ஆண்டுகள் ரேடியோ, டி.வி. சர்வீஸ் கடை நடத்திய மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், வை-ஃபையோடு வீட்டுக்குள் வரும் சாமான்கள்.

புது டி.வி. வாங்கப் போனேன். நெட் இல்லாத டி.வி.யே இப்போது பெரிதாக வருவதில்லை என்கிறார்கள். ஸ்மார்ட் டி.வி. நாம் பார்ப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளும் என்று தம்பி மகன் பயமுறுத்துகிறான். உண்மையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

உண்மைதான் அம்மா. அதற்காக டி.வி. வாங்காமல் இருக்க வேண்டாம். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அமெரிக்காவில் விஸியோ என்றொரு டி.வி. கம்பெனி. திரையில் ஓடுகிற படத்தின் சிறுசிறு புள்ளிகளை நொடிக்கு நொடி எடுத்து அனுப்புகிற மென்பொருளைத் தன் டி.வி.களில் வைத்திருந்தது. அந்தப் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த வீட்டில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். கேபிளில் பார்த்தாலும் சரி, டி.வி.டி. போட்டுப் பார்த்தாலும் சரி, கணக்கில் சேர்ந்துவிடும். இப்படி 1 கோடியே 10 லட்சம் டி.வி.கள். வாங்கியவர்களிடம் ஒழுங்காகக் கேட்கவே இல்லை. அந்த விவரங்களை வெளியே விற்கவும் செய்தார்கள். 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு டி.வி.க்கு 20 சென்ட். அன்றைய மதிப்பில் 13, 14 ரூபாய். ஒரு குடும்பம் ராத்திரி உட்கார்ந்து என்ன பார்க்கிறது என்பதற்கு அவ்வளவுதான் விலையா என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போதும் பல கம்பெனிகளின் டி.வி.களில் இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸ் உள்ளே ‘வியூயிங் இன்ஃபர்மேஷன்’, ‘லைவ் பிளஸ்’ மாதிரி ஏதாவது பெயரில் இருக்கும். அணைத்துவிடலாம். ஆனால் முதல் நாள் நடப்பதைக் கவனியுங்கள். டி.வி.யை மாட்ட வருகிற பையன், நீங்கள் காபி கலந்து எடுத்து வருவதற்குள் ‘அக்ரீ’, ‘அக்ரீ’ என்று நாலைந்து தடவை அழுத்தி முடித்திருப்பான். அவனுக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, “தம்பி, அந்த இடத்தை நான் படித்துவிட்டு அழுத்துகிறேன்” என்று சொல்லுங்கள். கேபிள் பாக்ஸ் மட்டும் போதும் என்றால் வை-ஃபை பாஸ்வேர்டே கொடுக்காதீர்கள். படம் அப்போதும் வரும்.

படம் பார்க்கிற ஆப் வேண்டுமென்றால் ஆப் ஓட்டுகிற சின்ன ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்கி டி.வி.யின் பின்னால் சொருகுங்கள். டி.வி.யின் பேனல், அதாவது திரை, பத்து வருஷம் உழைக்கும். உள்ளே இருக்கிற மூளை நாலைந்து வருஷத்தில் அப்டேட் நின்று தள்ளாடும். மூளை தனியாக இருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டிக்கிலும் இந்தக் குறித்துக்கொள்ளும் வேலை உண்டு, அங்கேயும் செட்டிங்ஸ் பாருங்கள்.

மாத வாடகைக்குக் குடிநீர் மெஷின் தருகிறோம், மெஷினுக்குத் தனியாகப் பணம் வேண்டாம், ரீசார்ஜ் மட்டும் போதும், எத்தனை லிட்டர் குடித்தோம் என்று போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

இந்தக் கேள்விக்கு என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அக்கா தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். 74 வயது. வெளிநாட்டில் இருக்கும் மகன், அம்மா கேன் தூக்கிச் சிரமப்படக் கூடாது என்று இப்படி ஒரு மெஷினைப் போட்டுக் கொடுத்தான். நல்ல எண்ணம்தான். மாதாமாதம் அவனே அங்கிருந்து பணம் கட்டிவிடுவான். ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலையில் போன். “தண்ணி வரலைடா. சிவப்பு லைட் எரியுது. நான் ஒண்ணும் செய்யலை.” அந்த ‘நான் ஒண்ணும் செய்யலை’யில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே பஸ் ஏறினேன்.

போய் மெஷினின் முன்மூடியைக் கழற்றினேன். மேலே தொட்டியில் தண்ணீர் தெளிவாக நிற்கிறது. ஃபில்டர் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உப்பை வடிக்கிற மெம்ப்ரேனில் குறை இல்லை. மல்ட்டி மீட்டரை வைத்தேன். அடாப்டரில் 24 வோல்ட் சரியாக வருகிறது. தண்ணீரைத் திறந்துவிடும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அதன் முனையில் வைத்தால் முள் அசையவில்லை. மெஷினுக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு வேண்டுமென்றே கரண்ட் தராமல் நிறுத்தி வைத்திருக்கிறது. எதுவுமே கெடவில்லை. அனுமதி வரவில்லை, அவ்வளவுதான்.

என்ன நடந்ததென்றால், தெருவில் சாக்கடைக்குத் தோண்டினபோது ஃபைபர் கேபிள் அறுந்து நாலு நாளாக நெட் இல்லை. பணம் கட்டிய தகவல் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. அது மெஷினுக்கு வந்து சேர வழியில்லை. பணம் வரவில்லை என்று மெஷின் முடிவு செய்து தண்ணீரைக் கொடுக்காமல் பூட்டிவிட்டது. கஸ்டமர் கேருக்குப் பேசினால், “ஆப்பில் ரெஃப்ரெஷ் பண்ணுங்கள்” என்கிறார்கள். ஆப் இருப்பது மகனின் போனில். அவனுக்கு அங்கே நடுராத்திரி.

ஒரு ஒயரை மாற்றிக் கொடுத்து அந்த வால்வை என்னால் அங்கேயே திறந்திருக்க முடியும். ஆனால் மெஷின் அக்காவுடையது இல்லை, வாடகைக்கு வந்தது. கை வைக்கவில்லை. முனைக்கடையில் இருபது லிட்டர் கேன் வாங்கி வந்து கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எந்தக் கடையிலும் ஃபில்டர் கிடைக்கிற சாதா மெஷின் ஒன்றை வாங்கி மாட்டினோம்.

இது வாடகைச் சாமானுக்கு மட்டும் வருகிற பிரச்சினை என்று நினைக்காதீர்கள். முழுப் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கும் நடந்திருக்கிறது. ரெவால்வ் என்று வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிற ஒரு பெட்டி, 300 டாலர். 2014-இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் சர்வர்களில் கோளாறு வந்தபோது, எய்ட் ஸ்லீப் என்கிற கம்பெனியின், சூட்டையும் சாய்வையும் நெட் வழியாக மாற்றுகிற படுக்கைகள் பல வீடுகளில் சூடாகவே நின்றுவிட்டன. சில சாய்ந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டன. பல ஆயிரம் டாலர் படுக்கை. அதற்குப் பிறகுதான் நெட் இல்லாமலும் போனிலிருந்து நேராக இயக்கும் வழியைக் கொடுத்தார்கள். முதல் நாளே கொடுத்திருக்க முடியும், கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஆகவே ஐயா, குடிநீர், படுக்கை, கதவுப் பூட்டு, அடுப்பு இவற்றை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். “நெட்டைப் பிடுங்கினால் இது வேலை செய்யுமா?” வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். கடையிலேயே வை-ஃபையை அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நான் ஐ.டி.யில் வேலை செய்கிறேன். உங்கள் பதில்களைத் தொடர்ந்து படிக்கிறேன். புதிதாக எது வந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறீர்கள். எல்லோரும் பழைய காலத்துக்குத் திரும்ப வேண்டுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, நேராகக் கேட்டதற்கு நன்றி. நானும் நேராகச் சொல்கிறேன்.

லால்குடி பக்கம் என் மச்சானுக்கு மூன்று ஏக்கர். போர் மோட்டார். விவசாயத்துக்கு அப்போதெல்லாம் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும், பாதி நாள் ராத்திரியில். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ எழுந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். வரப்பில் பாம்பு கிடக்கும். மழைக்காலத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடவே பயம். பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டினோம். கரண்ட் வந்தால் அதுவே போன் அடித்துச் சொல்லும். ஒரு நம்பரை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். மும்முனையில் ஒரு முனை (ஃபேஸ்) போனால் தானே நிறுத்திக்கொள்ளும். என் தங்கைக்கு அதற்குப் பிறகுதான் ராத்திரித் தூக்கம் வந்தது. ஒரு சாமான் ஒரு குடும்பத்தின் பயத்தைப் போக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஆனால் அந்தப் பெட்டியைப் போய்ப் பாருங்கள். சிம் போட்ட டப்பா ஓர் ஓரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பழைய பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் அப்படியே இருக்கின்றன. சிம்மில் காசு தீர்ந்தாலும், டவர் விழுந்தாலும், அந்தக் கம்பெனியே மூடிப்போனாலும் மச்சான் நடந்து போய்ப் பச்சையை அழுத்தினால் தண்ணீர் பாயும். புதுசு பழசின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பழசைத் தூக்கி எறியவில்லை. நான் கேட்பது இதைத்தான். நீங்கள் மென்பொருள் எழுதுகிற பிள்ளை. நீங்கள் செய்கிற எந்தச் சாமானிலும் அந்தப் பச்சைப் பட்டன் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. வாங்கப் போகிறோம். வை-ஃபை உள்ள மாடலுக்கு 3,000 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்டார் ஒன்று கூடுதலாக உள்ளதற்குக் கொடுங்கள், கரண்ட் பில்லில் திரும்பி வரும். அப்புறம், போர்டுக்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று கேளுங்கள். கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் ஊரில் முதலில் போவது போர்டுதான். வெளியே இருக்கிற பெட்டிக்குள் சூட்டுக்குப் பல்லி போய் ஒண்டும், இரண்டு முனையில் கால் வைக்கும், போர்டு கருகும். நான் திறந்த இன்வெர்ட்டர் ஏ.சி.களில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். மாட்டும்போதே ஒயர் நுழைகிற ஓட்டையைச் சரியாக அடைக்கச் சொல்லுங்கள்.

ஊரில் அப்பா, அம்மா தனியாக இருக்கிறார்கள். வீட்டுக்குள் கேமரா வைத்து இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பாதுகாப்பானதா?
– ஒரு வாசகி, சென்னை (சொந்த ஊர் திருநெல்வேலி)

வாசலுக்கு வையுங்கள். கூடத்தில் வைக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். படுக்கை அறையில் கண்டிப்பாக வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2016-இல் மிராய் என்றொரு நாசவேலை மென்பொருள் பரவியது. அது செய்தது ரொம்ப எளிய வேலை. கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று நம்பி, அப்படிப்பட்ட 60 சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரெக்கார்டர் பெட்டிகளையும் தட்டிப் பார்த்தது. லட்சக்கணக்கில் திறந்துகொண்டன. அந்த அக்டோபர் 21 அன்று, இப்படிப் பிடித்த சாமான்களை வைத்தே தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மாட்டிய கேமராதான் அதில் அடியாள்.

வெளியாள் மட்டும் இல்லை. அமேசானின் ரிங் கேமரா கம்பெனியில், அங்கே வேலை பார்த்த ஒருவரே பெண்களின் அறைகளில் இருந்த கேமராக்களின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். 2023-இல் அந்தக் கம்பெனியை 58 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரி எளிய பாஸ்வேர்டு போட்டு விற்பது சட்டப்படி கூடாது. எத்தனை காலம் அப்டேட் தருவோம் என்றும் வாங்கும்போதே சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பெயர் தெரியாத மலிவு கேமராவை விட்டுவிட்டு, அந்தச் சோதனை முடிந்ததா என்று கேட்டு வாங்குங்கள். பதிவு மெமரி கார்டிலேயே நிற்கும்படி வையுங்கள். மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், உங்கள் போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைக்காதீர்கள்.

இன்னொன்று. கேமராவில் பார்த்துவிட்டோம் என்று தினமும் பண்ணுகிற போனை நிறுத்திவிடாதீர்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவர், “இப்பல்லாம் பையன் கூப்பிடுறதில்லை, பார்த்துக்கிறான்” என்று சொன்னார். அவர் அதைச் சொன்ன முகம் எனக்கு மறக்கவில்லை.

கூப்பிட்டால் பதில் சொல்கிற ஸ்பீக்கர், கூப்பிடாதபோதும் கேட்டுக்கொண்டே இருக்குமா?
– ஒரு மாணவி, புதுச்சேரி

தன் பெயர் காதில் விழுகிறதா என்று எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அந்த வேலை பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. பெயர் விழுந்தது என்று அது நினைத்ததும், அதற்குப் பிறகு பேசுவது கம்பெனியின் சர்வருக்குப் போகும். தவறாக நினைத்துக்கொள்வதும் உண்டு. சிறுபிள்ளைகளின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்ததற்காக அமேசான் 2023-இல் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மேலே மைக் படம் போட்ட பட்டன் இருக்கும், வேண்டாத நேரத்தில் அழுத்தி வை. பழைய பதிவுகளை ஆப்பில் போய் அழிக்கலாம் அம்மா, மாதம் ஒருமுறை செய்.

ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய ஆறு ஸ்மார்ட் பிளக் இருக்கின்றன. ஆப் திறப்பதே இல்லை. கம்பெனிக்காரர்கள் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருப்பூர்

முதலில் பிளக்கின் பக்கவாட்டில் இருக்கிற பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது வேலை செய்யும். அப்படியென்றால் சாதா ஸ்விட்ச் போலப் பயன்படுத்தலாம். புதிய ரௌட்டர் மாற்றியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பிளக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் மட்டும்தான் சேரும். ரௌட்டரில் அந்த வகையை அணைத்து வைத்திருந்தால் சேராது.

அதுவும் இல்லை என்றால் 1915-க்குப் பேசுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். பில் இருக்கிறதா? சூட்டில் அச்சு மங்கிப்போகிற பில் அது. எதை வாங்கினாலும் அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லி என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்வேன்.

அப்பாவுக்கு 81 வயது. அவர் அறையில் ரிமோட் ஃபேன் மாட்டினோம். ராத்திரி ரிமோட்டைத் தேடித் தடுமாறுகிறார். பழைய ஃபேனையே திரும்ப மாட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

நீங்கள் மாட்டியது பி.எல்.டி.சி. ஃபேனாக இருக்கும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டில் ஓடும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். அதை இழக்க வேண்டாம். மோட்டார் நல்லது, ரிமோட்தான் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை.

சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை மட்டும் இதோடு இணைக்காதீர்கள். யாராவது எலக்ட்ரீஷியன் சொன்னாலும் விடாதீர்கள். இந்த மோட்டாருக்கு அது சேராது, ஃபேனுக்குள் இருக்கிற போர்டு போய்விடும். சுவரில் திருகுகிற ரெகுலேட்டரோடு வருகிற பி.எல்.டி.சி. ஃபேன்கள் இப்போது கிடைக்கின்றன. அப்பா அறைக்கு அதை மாட்டி, இருக்கிற ரிமோட் ஃபேனை உங்கள் அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை ரிமோட்டில் ஒரு நீளமான கயிற்றைக் கட்டி, கட்டிலின் தலைமாட்டில், அவர் வலது கை எட்டுகிற பக்கம் முடிந்துவிடுங்கள்.

புது ஃபேன் மாட்டுகிற அன்று எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்னால், விளக்கை அணைத்துவிட்டு அப்பாவை எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் சரியில்லை என்றால் அப்போதே இறக்கி மாட்டச் சொல்லிவிடலாம்.